கள்ளித் தோட்டத்தில் நடந்தது

டிசம்பர் மழை ஒரு வாரமாக விடவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் பூங்கா வெறிச்சோடிக் கிடந்தது. மூங்கில் தோட்டத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. ஜப்பானியத் தோட்டத்துப் பாலத்தைக் கயிறு கட்டி மூடியிருந்தார்கள். ஓய்வுபெற்ற தாதி சரோஜினி, கண்ணாடிக் கூரை போட்ட கள்ளித் தோட்டத்திலாவது நனையாமல் நடக்கலாம் என்று உள்ளே நுழைந்தார்.

நுழைந்ததுமே அலறல் கேட்டது.

ஒருவன் ஓர் இளம்பெண்ணின் தலைமுடியைப் பிடித்து, பாத்தியின் செங்கல் விளிம்பில் அவள் முகத்தை மோதிக்கொண்டிருந்தான்.

"வீட்டுக்கு வரமாட்ட? வரமாட்ட?" கேட்டுக் கேட்டு மோதினான்.

"விடடா அவளை!" சரோஜினி மடித்த குடையால் அவன் கழுத்தில் ஓங்கி அடித்தார்.

அவன் திரும்பினான். "இவ என் பொண்டாட்டி. ஒன் வேலைய பாத்துட்டு போ லா, கெழவி!"

குடையைப் பிடுங்கி அவர் மணிக்கட்டில் இறக்கினான். எலும்பு முறியும் சத்தம் சரோஜினிக்கே கேட்டது. கீழே விழுந்தவரின் வயிற்றில் உதைத்தான். மறுபடி காலைத் தூக்கியபோது, பின்னால் அந்தப் பெண் எழுந்து நின்றாள். கையில் கள்ளிச்செடி வைத்த மண்தொட்டி. அதை அவன் பின்மண்டையில் போட்டு உடைத்தாள். அவன் மண்டியிட்டுச் சரிந்தான். அவள் நிறுத்தவில்லை. உடைந்த சில்லை எடுத்து மீண்டும் மீண்டும் குத்தினாள். ஒரு குத்து காதுக்குக் கீழே கிழித்தது. இரத்தம் பீறிட்டது.

"போதும்! போதும் பிள்ளை!"

சில்லு அவள் கையிலிருந்து விழுந்தது. "செத்துட்டானா, ஆன்ட்டி?"

"இல்லை. உன்ர சால்வையைச் சுருட்டி அந்தக் காயத்தில அமத்திப் பிடி. என்ர கை முறிஞ்சு போச்சு."

"மாட்டேன். இவன் சாவட்டும்."

"செத்தால் நீதான் மறியலில, சிறையில கிடப்பாய். அவனுக்காக இல்லை, உனக்காகப் பிடி!"

அவள் அமர்ந்து அழுத்தினாள். சரோஜினி இடக்கையால் ஆம்புலன்சை அழைத்தார். அவன் கண் திறந்து, "லோஷினி... கைய எடுக்காத..." என்று முனகினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

அவன் பெயர் விஜயன். அடி தாங்காமல் காஹாங் ஊரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டவளை, பேசித் தீர்க்கலாம் என்று அழைத்திருந்தான். பூங்காவில் நாலு பேர் இருப்பார்கள் என்று நம்பித்தான் அவள் வந்தாள். மழை எல்லாரையும் விரட்டியிருந்தது.

விஜயன் பிழைத்தான். மருத்துவமனைக் கட்டிலிலேயே அவனுக்கு விலங்கு மாட்டினார்கள். லோஷினியையும் போலீஸ் தடுத்து வைத்தது. சரோஜினி கட்டுப்போட்ட கையோடு ஸ்டேஷனுக்குப் போய், கண்டதை ஒன்று விடாமல் சொன்னார். மறுநாள் சாயங்காலம் அவளை ஜாமீனில் விட்டார்கள். தற்காப்புக்காகச் செய்ததுதான் என்று முடிவாகி, பிறகு வழக்கே போடவில்லை.

ஜாமீனில் வந்த அன்று ஸ்டேஷன் வாசலில் லோஷினி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். முகம் வீங்கி ஒரு கண் மூடிக் கிடந்தது.

"கைய எடுத்துடலாமான்னு நெனச்சேன், ஆன்ட்டி. ரெண்டு மூணு தடவ நெனச்சேன்."

சரோஜினி அவள் முதுகைத் தடவினார்.

"எடுக்கச் சொல்லலாமெண்டு நானும் நினைச்சனான், பிள்ளை."