சோதனை டேட்டாபேஸில் ஒரு குடித்தனம்

என் கணவர் கப்பலில் எஞ்சின் மெக்கானிக். நடுக்கடலில் அந்தக் கப்பலுக்குக் கிடைக்கும் நெட் பேருக்குத்தான் நெட். போன் பேச முடியாது, படம் அனுப்ப முடியாது. பொது மின்னஞ்சல் ஒன்று உண்டு. அதைக் கேப்டனிலிருந்து சமையல்காரர் வரை எல்லோரும் படிப்பார்கள். புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ள அது லாயக்கில்லை. அதனால் எங்கள் இருவருக்கு மட்டும் நானே ஒரு செயலி எழுதினேன். செயலி எழுதுவதுதான் எனக்குத் தொழில். இதில் வெறும் எழுத்து, வேறொன்றும் கிடையாது.

அதற்கு உயிர் ஒரு கிளையண்ட் லைப்ரரி. செயலிக்கும் கிளவுடில் இருக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே ஓடியாடும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெட் இல்லாவிட்டால் எழுதியதைப் போனிலேயே பத்திரமாக வைத்திருக்கும். நெட் தலைகாட்டியதும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அங்கே இருப்பதை எடுத்து வரும். அங்கே அழித்தால் இங்கேயும் அழிந்துவிடும்.

கடைசியாகத் துறைமுகம் தொட்டபோது, எழுத்து பொடிப்பொடியாகத் தெரிகிறது என்று புகார் சொன்னார். கப்பல் கிளம்புவதற்குள் அவசர அவசரமாகப் புதிய பதிப்பு அனுப்பிவைத்தேன். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு வரி இல்லை.

நெட் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் கோபம் வந்தது. இந்த மாதம் அவர் முடிவு சொல்லியாக வேண்டும். அடுத்த துறைமுகத்தில் இறங்கி வீட்டுக்கு வருவதா, இன்னும் ஆறு மாதம் கப்பலிலேயே இருப்பதா? "வந்துடுங்க" என்று எழுதினேன். இனிமேல் கெஞ்சக் கூடாது என்று வைராக்கியமாக இருந்துவிட்டு மறுநாளும் அதையே எழுதினேன். பதில் இல்லை. கப்பலே படிக்கும் பொது மின்னஞ்சலில் இதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. அவருடைய தலையணையை நிமிர்த்தி வைத்து அதைத் திட்டினேன். திட்டி முடித்ததும் கட்டிக்கொண்டேன். எனக்கு அவர் வேண்டும். வேறென்ன சொல்ல?

எங்கள் அலுவலகத்தில் செயலிகளைச் சோதித்து, நாங்கள் 'பக்' என்று சொல்லும் பிழைகளைப் பிடிக்கும் பெண்ணுக்குப் பூச்சி என்று பெயர் வைத்திருக்கிறோம். அவள் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. அன்று காலை என் மேஜைக்கு வந்து சலித்துக்கொண்டாள்.

"அக்கா, நம்ம சோதனை டேட்டாபேஸ்ல யாரோ குடித்தனம் நடத்துறாங்க. சாப்பிட்டியா, தூங்கினியான்னு தினம் ஏதாவது வருது. நானும் வாரா வாரம் துடைச்சு விடுறேன், மறுபடி வந்துடுது."

கையிலிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு, அவருக்கு அனுப்பிய பதிப்பைத் திறந்து பார்த்தேன்.

ஒவ்வொரு செயலிக்கும் இரண்டு டேட்டாபேஸ் இருக்கும். நிஜமாகப் பயன்படுத்த ஒன்று, நாங்கள் உருட்டிப் பார்க்க ஒன்று. எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்க அலுவலகத்தின் சோதனை டேட்டாபேஸை இரவல் வாங்கியிருந்தேன். அவசரத்தில் விலாசத்தைத் திரும்ப மாற்றாமலே அவருக்கு அனுப்பிவிட்டேன். என் போனில் பழைய பதிப்பே இருந்தது. லைப்ரரி மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. சொன்ன இடத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. பிழைச் செய்தி எங்கிருந்து வரும்? நான் ஒரு வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்க, அவர் வேறொரு வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பூச்சியைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது. பாவம், அவள் என்ன செய்வாள்? குப்பை என்று நினைத்துப் பெருக்கியிருக்கிறாள். அவள் மேஜைக்கு ஓடி அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். இந்த வாரம் வந்தவை மட்டும் மிஞ்சியிருந்தன. மற்ற வாரங்களில் என்ன எழுதினார் என்பது எனக்கு இனித் தெரியப்போவதில்லை. எஞ்சின் அறைச் சூட்டைப் பற்றி ஒன்று. கோபமா என்று கேட்டு ஒன்று. அதற்கடுத்ததைப் படித்தபோது கண்ணீர் மறைத்தது.

"நான் எழுதினதெல்லாம் மறுபடி அழிஞ்சிருக்கு. இதுல நம்ம ரெண்டு பேர்தானே இருக்கோம். படிச்சிட்டுத்தான் அழிக்கிறியா?"

கடைசி வரி: "இறங்குறியா, இருக்கியான்னு கேப்டன் கேக்குறார். நீ ஒரு வார்த்தை சொல்லும்மா."

இதை இனித் துடைக்காதே என்று பூச்சியிடம் சொன்னேன். அந்த டேட்டாபேஸிலேயே, அவர் காத்துக்கொண்டிருந்த இடத்திலேயே எழுதினேன். நான் அழிக்கவில்லை, எதுவுமே என் கைக்கு வந்து சேரவில்லை, தப்பு என்னுடையது, வந்துடுங்க. எழுதிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூச்சி விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு டீ வாங்கி வந்து வைத்தாள். அது ஆறிப்போனது. எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிற நேரத்தில் ஒரு வரி வந்து விழுந்தது.

"நேத்துதான் இன்னும் ஆறு மாசத்துக்குக் கையெழுத்து போட்டேன்."

பிறகு இன்னொரு வரி.

"பரவாயில்ல. வரச் சொன்னியே, அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். பூச்சி பக்கத்தில் நிற்கிறாளே என்றுகூடப் பார்க்காமல், அழுதுகொண்டே திரும்பத் திரும்பச் சொன்னேன்.