எட்டோட போதுங்க

விடிகாலை நாலரைக்கு இரும்பைத் துடைக்க ஆரம்பித்தால்தான் ஐந்து மணிக்குக் கதவைத் திறக்க முடியும். டம்பெல் மட்டும் முந்நூறு. முந்தைய நாள் வியர்வை அவற்றின் கழுத்தில் உப்பாகக் காய்ந்திருக்கும். மருந்துத் தண்ணீர் என் விரலிடுக்கில் எரியும். நான் துடைத்த துடைப்பில் இருபது கிலோ டம்பெல் ஒன்று தேய்ந்து பதினெட்டு கிலோ ஆனது. நம்பாதவர்கள் போய் நிறுத்துப் பார்க்கலாம்.

கோயம்புத்தூரிலேயே பெரிய ஜிம் என்று வாசலில் எழுதியிருக்கும். காலையில் அறுபது பேர் வருவார்கள். நான்கு சுவரும் கண்ணாடி என்பதால் அறுநூறு பேர் போலத் தெரியும். அத்தனை பேர் காதிலும் பாட்டு. நான் வணக்கம் வைத்தால் கண்ணாடிக்குள் இருக்கும் கிழவன் மட்டும் திருப்பி வைப்பான். மனைவி போன பிறகு என் வீட்டில் இருப்பது கையளவு கண்ணாடி ஒன்று. அதில் முகத்தில் பாதிதான் விழும். இங்கே என்றால் துணைக்கு நானே நாற்பது பேர். எந்நேரமும் கூட்டம்தான்.

அன்புக்கரசி சோமனூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். பயிற்சியாளர். அவளுக்குக் கண்தான் கருவி. முட்டி உள்ளே சாய்கிறதா, முதுகு வளைகிறதா, மூச்சை அடக்குகிறார்களா என்று பார்த்துக்கொண்டே வாய்விட்டு எண்ணுவாள். முன்பு எட்டுப் பயிற்சியாளர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒரு திரையை மாட்டியதும் ஐந்து பேரை அனுப்பிவிட்டார்கள். திரைக்குள் ஒரு பெண் யார் என்ன செய்தாலும் "சூப்பர்" என்பாள். உங்களை மட்டும் பார்க்க ஒரு ஆள் வேண்டுமென்றால் மேல்மாடி. அதற்குத் தனிக் கட்டணம், தனிக் கதவு.

ராமாமணியம்மாளுக்கு அறுபத்திரண்டு வயது. பெரிய வீடு, பிள்ளைகள் வெளிநாட்டில். முட்டியைப் பலப்படுத்தச் சொல்லி டாக்டர் அனுப்பியிருந்தார். ஆறு கிலோ டம்பெல்லை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து எழ வேண்டும். எட்டு முறை, அதற்கு மேல் கூடாது.

"எண்ணறதை நீ பாத்துக்க கண்ணு" என்று கண்ணை மூடிக்கொள்வார். "எனக்காக ஒருத்தி எட்டு வரைக்கும் எண்ணறாளேன்னுதான் நான் வாரதே."

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை முதலாளி யஷ்வந்த் அன்புக்கரசியிடம் வந்தார். நான் பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க அம்மணி, உங்கப்பா சோமனூர்ல எட்டுத் தறி ஒத்தையா ஓட்டறாராமா? நீங்க ஒரே நேரத்துல மூணு பேரைப் பாக்கக் கூடாதுங்களா?"

அவள் ராமாமணியம்மாளோடு சேர்த்து மூன்று பேரை ஒரே நேரத்தில் பயிற்சிக்கு நிறுத்தினாள். இருப்பது ஒரு வாய். நடுவில் ஒரு கல்லூரிப் பையன் நெஞ்சுக்கு மேல் எண்பது கிலோவைத் தூக்கிக்கொண்டிருந்தான். கம்பி பாதியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவள் அவன் பக்கம் திரும்பி, கம்பிக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு எண்ணினாள். "ஒம்பது... பத்து..."

கண்ணை மூடியிருந்த ராமாமணியம்மாள் அந்தக் குரலையே பிடித்துக்கொண்டு எழுந்து எழுந்து உட்கார்ந்தார். பதினொன்றில் முட்டி மடங்கியது. மணிக்கட்டு உடைந்த சத்தம் அத்தனை பேர் காதுப் பாட்டையும் மீறிக் கேட்டது. டம்பெல் உருண்டு வந்து என் வாளியில் முட்டி நின்றது. திரைக்குள் இருந்தவள் "சூப்பர்" என்றாள்.

மறுநாள் முதலாளியின் கண்ணாடி அறைக்குள் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். மேசையில் ஒரு தாள். 'என் கவனக்குறைவால்' என்று ஆரம்பித்தது.

"கையெழுத்துப் போட்டுப்போடுங்க அம்மணி. பொறவு கெளம்பலாமுங்க" என்றார் யஷ்வந்த். எங்கள் ஊரில் கழுத்தைப் பிடித்துத் தள்ளும்போதும் பார்த்துப் போகச் சொல்வார்கள்.

"இதுல போட்டா வேற எந்த ஜிம்முல என்னையச் சேத்துவாங்க? மூணு பேரைப் பாக்கச் சொன்னது நீங்கதானுங்க."

"நானா? கேமராவுல நீங்க வேற பக்கம் பாத்துட்டு நிக்கறதுதான் தெரியுதுங்க."

"தறியில ஊடை நூலு அறுந்தாத் தறி தானா நின்னுக்குமுங்க. மனுசங்களுக்கு நின்னுக்காதுங்க. பக்கத்துல ஒரு ஆளு நின்னு 'போதுங்க'ன்னு சொல்லோணும்."

நான் வாயைத் திறந்தேன். "நீங்க சொன்னதை நான் கேட்டனுங்க."

யஷ்வந்த் சிரித்தார். "அப்புச்சி, போன வாரம் மதுக்கரை மலையை நாலடி நகத்தி வெச்சதாச் சொன்னீங்க."

"மூணடிதானுங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அன்புக்கரசியும் சிரித்து, உடனே தலையைக் குனிந்துகொண்டாள். எழுபது வருடம் கதை அளந்துவிட்டு ஒரே ஒரு உண்மையை விற்க வந்தேன், வாங்க ஆளில்லை. அந்த அறையில் அவளும் நானும் தனித்தனித் தீவாக நின்றோம்.

அப்போது சென்னிமலை தொண்டையைச் செருமினான். மற்றொரு பயிற்சியாளன், ஆறடி ஆள், வீட்டுக்கடனும் கைக்குழந்தையும் இருப்பதால் முதலாளி எதிரில் நாலடியாகத் தெரிவான்.

"அப்புச்சி மலைய நகத்துனாரோ என்னமோ தெரியாதுங்க. நீங்க தறின்னு சொன்னதை நானும் கேட்டனுங்க."

"நானுங்கூட" என்றாள் லாஸ்யா, மூன்றாவது பயிற்சியாளர்.

யஷ்வந்த் சிரிப்பை நிறுத்தினார். "நாளைக்கு வேலைக்கு வாரதுக்குள்ள யோசிச்சுட்டு வாங்க."

யோசித்தோம். அதுவரை நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து ஒரு டீ குடித்ததில்லை. அன்று எதிர்க்கடையில் குடித்தோம். அன்புக்கரசி திரும்ப உள்ளே வர வேண்டும். ஒருத்தர் ஒரு நேரத்தில் ஒருத்தருக்குத்தான் எண்ணுவது. வேறு கோரிக்கை எங்களுக்குத் தோன்றவில்லை. ஆனால் அதிலிருந்து இறங்குவதில்லை என்று முடிவு செய்தோம்.

வியாழக்கிழமை விடிகாலை அன்புக்கரசியின் அடையாள அட்டையைக் கதவு ஏற்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தாள். சென்னிமலையும் லாஸ்யாவும் உள்ளே போகாமல் அவள் பக்கத்தில் நின்றார்கள். நான் துடைப்பானை வாளிக்குள் நட்டுவிட்டு வெளியே வந்தேன். முந்நூறு டம்பெல்லும் வியர்வையோடு கிடந்தன. வந்த உறுப்பினர்கள் எங்களைத் தாண்டித் தாண்டி உள்ளே போனார்கள். எங்கள் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

ஐந்தே முக்காலுக்கு ஒரு ஆட்டோ நின்றது. கையில் மாவுக்கட்டோடு ராமாமணியம்மாள் இறங்கினார். விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது.

"டம்பெல் தூக்க முடியாது. உக்காந்து எந்திரிக்க முடியுமான்னு டாக்டரைக் கேட்டுப்போட்டேன். ஆராச்சும் பக்கத்துல நின்னாச் சரின்னாரு. எண்ணு கண்ணு."

"என்னாலதானுங்கம்மா கை..."

"உன்னாலயா? உன்னைய மூணாக் கிழிச்சவனால. எண்ணு."

வாசலில் இருந்த காவலாளி நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, தானும் நின்றுகொண்டார். இம்முறை ராமாமணியம்மாள் கண்ணை மூடவில்லை. அன்புக்கரசி அவர் முட்டியையே பார்த்தபடி எண்ண ஆரம்பித்தாள். மூன்றில் சென்னிமலை சேர்ந்துகொண்டான். நான்கில் லாஸ்யாவும் காவலாளியும். ஐந்தில், உள்ளே போன அந்தக் கல்லூரிப் பையன் திரும்பி வந்து காதிலிருந்ததைக் கழற்றினான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர் படியில் நின்றார்கள்.

"எட்டு."

"போதுங்க" என்றோம் எல்லோரும்.

கண்ணாடி அறைக்குள் யஷ்வந்த் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார். புது ஆள் தேடியிருக்கலாம், போலீசாகவும் இருக்கலாம். அன்புக்கரசிக்குக் கதவு இன்னும் திறக்கவில்லை.

இந்தக் கதையை வேறு ஒருவன் சொன்னால் ஆயிரம் பேர் நின்றதாகச் சொல்வான். நான் சொல்வதால் சரியாகச் சொல்கிறேன். என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். அங்கே கண்ணாடி இல்லை. நான் எண்ணிப் பார்த்தேன்.