டகோட்டாவின் இடதுபக்கப் புரொப்பெல்லர்

என் நைனா ஆதிநாராயணனுக்கு ஏழுமலையானை நம்புவதில் ஒரு தயக்கமும் இல்லை. விமான மாடல் செய்து விற்கிறவர்களை மட்டும் நம்ப மாட்டார். சித்தூரில் பஸ் டிப்போ ஸ்டோர் கீப்பராக இருந்தவர். வந்து இறங்கும் எந்தப் பெட்டியிலும் ஏதோ ஒன்று கோணலாக இருக்கும் என்பது அங்கே அவர் படித்த பாடம். ரிடையர் ஆன பிறகு அந்தச் சந்தேகத்துக்கும் ஒரு வேலை வேண்டுமே. மாடல் கிட்களைப் பிரித்து, உள்ளே இருப்பது நிஜ விமானத்தை அப்படியே உரித்து வைத்திருக்கிறதா என்று யூடியூபில் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தார். உடம்பு, வால் எல்லாம் அவருக்கு அப்புறம்தான். முதலில் புரொப்பெல்லரைக் கையில் எடுப்பார். மூக்கு சரியில்லாதவனுக்கு மூஞ்சி எதற்கு என்பது அவர் கட்சி.

படம் பிடிப்பது நான். திருப்பதியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் எனக்கு வேலை. வாரம் முழுக்க ரயிலில் போய் வந்து, கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையும் நைனாவின் விரல்களுக்கு நேராகப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பார்சல்காரர்களுக்குக் கொடுத்திருந்ததும் என் நம்பர்தான். அந்த நம்பருக்குத்தான் கிரண்குமார் கூப்பிட்டான்.

கிரணுக்கு ஊர் பிச்சாட்டூர். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வார்ப்பு அச்சு செய்கிற வேலை, திருப்பதியில் வாடகை அறை. கிட்டோடு வருகிற புரொப்பெல்லர் பிடிக்காதவர்களுக்காக, தானே ரெசினில் வார்த்து விற்றுக்கொண்டிருந்தான். டகோட்டா விமானத்துக்கான ஒரு ஜோடியை நைனாவின் பார்வைக்கு அனுப்பியிருந்தான். வந்து சேர்ந்ததா என்று கேட்டான். சேர்ந்தது என்று சொல்லிப் போனை வைத்திருக்கலாம். பிளேடின் நுனி ஏன் இப்படி வளைகிறது என்று கேட்டுத் தொலைத்தேன். அவன் சொல்லி முடிப்பதற்குள் ரயில் பாகாலாவைத் தாண்டிவிட்டது.

நைனா தீர்ப்புச் சொல்ல ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். அந்த ஒரு மாதம் எனக்கும் கிரணுக்கும் தாராளமாகப் போதும்.

தீர்ப்பு நாளும் வந்தது. நிஜ டகோட்டாவை நேருக்கு நேர் எடுத்த ஒரு படத்தை நைனா பெரிதாக்கி வைத்திருந்தார். படத்தில் இருந்த பிளேடையும் கிரணின் பிளேடையும் வெர்னியரால் அளந்து, கணக்குப் போட்டுப் பார்த்தார். கிரணுடையது அகலம். "இது பிளேடா, பனமட்டையா?" என்று கேமராவைப் பார்த்துக் கேட்டார். பார்த்தவர்கள் எல்லோரும் கிரணுக்குப் பனமட்டை என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்த லட்சணத்தில்தான் நான் வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். "அந்தப் பனமட்டையா?" என்றார் நைனா. அம்மா நடுவில் புகுந்து சமாதானம் செய்த பிறகு, பையனை வரச் சொல், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அவர் மனசார தலையாட்டாமல் நான் கழுத்தை நீட்டுவதாக இல்லை. ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வழி தெரியாமல் இல்லை. ஆனால் இந்த மனிதர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிற கல்யாணம் எனக்கு வேண்டாம். அவர்மேல் எனக்கு அவ்வளவு ஆசை.

கிரண் தன் அம்மா பொன்னியம்மாவோடு வந்தான். பழத்தட்டு, பூ, ஸ்வீட், அவற்றோடு ஒரு சின்ன அட்டைப்பெட்டி. நைனா பூவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேரே அட்டைப்பெட்டியைத் திறந்தார். உள்ளே டகோட்டாவுக்கு ஒரு புது ஜோடி. அரத்தால் ராவியதில் பிளேடுகள் நன்றாக ஒல்லியாகி இருந்தன. உருப்பெருக்கியை வைத்து அவர் பார்க்கப் பார்க்க முகம் கறுத்துக்கொண்டே போனது. போச்சு, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"இத்த ஏன் ராவின?" என்றார்.

"நீங்கதான சார் அகலம்னு சொன்னீங்கோ."

"முன்ன செஞ்சது தப்புன்னு நீ நெனச்சியா?"

கிரண் ஒரு தடவை என்னைப் பார்த்தான். "இல்ல சார். அது சரியாதான் இருந்துச்சி."

பிறகு பயந்து பயந்து காரணத்தைச் சொன்னான். டகோட்டாவின் பிளேடு அதன் அடித்தண்டில் திரும்பக்கூடியது. நைனா அளந்த படத்தில் விமானம் நின்றுகொண்டிருக்கிறது, பிளேடுகள் பாதி திரும்பியிருக்கின்றன. தோசைத் திருப்பியைச் சாய்த்துப் பிடித்தால் ஒல்லியாகத் தெரிகிற மாதிரி, முன்னாலிருந்து பார்க்கிறவனுக்கு அகலம் குறைந்துதான் தெரியும்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவ்வளவும் தெரிந்து ஏன் ராவினாய் என்று எல்லோர் எதிரிலும் கேட்டேன்.

"பிளேட திரும்பச் செஞ்சிக்கலாம் அகிலா," என்றான். "உங்க நைனா இல்லன்னு சொல்லிட்டா நா இன்னா பண்றது?"

"சோறுகூட துன்னாம அத்தயே ராவிக்கினு இருந்தாம்மா," என்றார் பொன்னியம்மா. எனக்குக் கோபம் போய்க் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட மடையனை வேறு எங்கே போய்த் தேடுவேன்?

நைனா உருப்பெருக்கியைக் கீழே வைத்தார். "அது சரின்னு எனக்கும் தெரியும்," என்றார்.

பனமட்டையின் குறையை இன்னொரு வீடியோவில் விலாவாரியாகக் காட்டலாம் என்று, பிளேடுகளைப் படத்தில் இருக்கிறபடியே திருப்பிப் பொருத்திப் பார்த்தாராம். மயிரிழை வித்தியாசம் இல்லாமல் பொருந்தியதாம். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நாக்கு வரல. இத்தினி வருஷத்துல ஒருத்தன்கிட்டகூட நா தப்புன்னு சொன்னதில்ல." அப்புறம் கிரண் பக்கம் திரும்பினார். "தப்பு என்னுது. பழசயே திரும்ப வாத்து வித்துக்கோ, கேமரா முன்னால ஒத்துக்கறேன்."

கிரண் தலையைக் குனிந்துகொண்டான். பழசு கிடையாது. அச்சு எடுக்க வைத்திருந்த மூல மாதிரியையே ராவிவிட்டான். பழைய ரப்பர் அச்சுகளையும் வெட்டிப் போட்டாயிற்று. விற்றதெல்லாம் எங்கெங்கோ போய்விட்டது. இனி முதலிலிருந்து வரைந்து செதுக்கினாலும் அதே வளைவு வருமா என்று சொல்ல முடியாது என்றான்.

நைனா எழுந்து உள்ளே போய்விட்டார். காபி ஆறுகிறது என்று அம்மா பொதுவாகச் சொன்னாள். யாரும் டம்ளரைத் தொடவில்லை. கோபித்துக்கொண்டு படுத்துவிட்டாரோ என்று நான் எட்டிப் பார்க்க எழுந்தபோது, தன் டகோட்டாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். ஒரு வருஷம் உட்கார்ந்து செய்தது அது. அம்மாவைத் தூசி தட்டக்கூட விட மாட்டார். இப்போது அதன் இரண்டு எஞ்சினிலும் கிரண் முதலில் அனுப்பிய பனமட்டைகள். யாருக்கும் சொல்லாமல், கிட்டோடு வந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு இதைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார் திருட்டு மனிதர்.

விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு, இடதுபக்கப் புரொப்பெல்லரைப் பிடித்து ஒரு திருகு திருகினார். சடக்கென்று உடைந்து வந்தது. கூடவே எஞ்சின் முகப்பில் ஒரு சில்லும் பெயர்ந்து வந்தது. அதை அவர் பார்க்கவில்லை, பார்க்காத மாதிரி இருந்தார். புரொப்பெல்லரைக் கிரண் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுல அச்சு எடுத்துக்கோ. இனிமே யார் சொன்னாலும் ராவாத. நா சொன்னாலும்."

பொன்னியம்மாவுக்கு இந்தக் கூத்தில் பாதி புரியவில்லை. வந்த காரியம் என்னவாயிற்று என்ற கவலை அவருக்கு. "அப்போ பொண்ண குடுக்கறீங்களா, இல்லியா?" என்று கேட்டார்.

நைனா மடியிலிருந்த ஒற்றை மூக்கு டகோட்டாவைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இத்தயே ஒடச்சிக் குடுத்துட்டேன். இன்னும் இன்னாம்மா கேள்வி?"