பூனை எழுந்தால் பொழுது சாயும்

ஆண்டிலேயே சின்னப் பகல் எதுவோ, அன்றைக்கு மெத்தைக்கடைத் தெருவில் பூனை எழுந்த பிறகுதான் சூரியன் மறையும். மற்ற நாட்களில் அப்படியில்லை. மற்ற நாட்களில் சூரியன் எல்லா ஊரையும் போல இங்கேயும் வந்து போனது, பூனை தூங்கினால் என்ன, விழித்தால் என்ன என்று இருந்தது. குளிர்காலத்தின் அந்த ஒரு நாள் மட்டும், கடைக் கண்ணாடி வழியாக மெத்தைமேல் விழும் வெயிலில் பூனை படுத்துவிட்டால் வெயில் அந்த இடத்தைவிட்டு நகராது. எதிர்க்கடை சலூன்காரர் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். அன்றைக்குச் சூரியனுக்குத் தெம்பு கிடையாது, ஒரு பூனையின் கனத்தைக்கூட அதனால் இழுக்க முடியாது என்பார். அதைவிட நல்ல விளக்கம் வேறு யாரிடமும் இல்லாததால் தெரு அதையே வைத்துக்கொண்டது.

பூனையைக் கொண்டுவந்தவர் மெத்தைக்காரியின் கணவர். பஞ்சு வாங்கப் போன இடத்தில் மூட்டைக்குள் கத்திக்கொண்டு கிடந்த குட்டியைத் தலையணை உறையில் போட்டு எடுத்துவந்தார். அது கழுத்து தடித்து, மஞ்சளும் வெள்ளையுமாகப் பெரிய பூனையாவதற்குள் அவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். கீழே கடையும் பின்னறையும் மனைவிக்கு, மாடி தன் அக்காவுக்கு என்று அவர் இருக்கும்போதே பேசி முடித்திருந்ததால் அதில் வம்பில்லை. அந்த அக்கா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஊரில் பாதிப் பேரை மீதிப் பேரோடு பேசவைத்துவிட்டு, தான் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாமல் காலத்தை ஓட்டியவர். மெத்தைக்காரி அவரை முறைப்படி அண்ணி என்று கூப்பிடுவாள். அதற்குமேல் அவர்களுக்குள் எதுவும் முறைப்படி நடக்கவில்லை. பீரோ, பாத்திரம், இறந்தவருடைய கைக்கடிகாரம் எல்லாவற்றையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பங்கு போட்டுக்கொண்டார்கள். பூனையிடம் வந்தபோதுதான் இருவரும் விடாப்பிடியாக நின்றார்கள். கடைசியில் சலூன்காரர் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பூனை கீழே, சாய்ந்ததிலிருந்து விடியும்வரை மேலே என்று தீர்த்துவைத்தார். இரண்டு பெண்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒப்புக்கொண்டார்கள். இந்த ஒப்பந்தத்தை மனிதர்களைவிடப் பூனை ஒழுங்காகக் கடைப்பிடித்தது. பொழுது சாய்ந்ததும் வாலைத் தூக்கிக்கொண்டு படியேறிவிடும்.

கீழே அதற்குப் பெயர் முதலாளி. வேலை செய்கிறவர்களுக்கு நடுவில் படுத்துக்கொண்டு மேற்பார்வை பார்த்ததால் வந்த பெயர். மாடியில் அதற்குப் பெயர் தம்பி. இது காதில் விழுந்த அன்று மெத்தைக்காரி படியடியில் நின்று கேட்டாள்.

"அது உங்களுக்குத் தம்பின்னா எனக்கு என்ன முறை ஆகுது அண்ணி? ஊர் சிரிக்காதா?"

"என் வீட்ல நான் எப்படி வேணா கூப்பிடுவேன்."

அந்த வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்டதிலேயே அதுதான் நீளமான பேச்சு.

கோடை முழுக்க மெத்தைக்காரிக்கு ஆதாயம்தான். பகல் நீண்டு கிடந்தது, பூனையும் அவளோடு கிடந்தது. குளிர் வந்ததும் அவள் பங்கு தேயத் தொடங்கியது. பஞ்சை ஒருமுறை புரட்டிக் காயப்போடுவதற்குள் இருட்டிவிடும், மேலேயிருந்து அண்ணி கதவைத் திறக்கும் சத்தம் கேட்கும். அதனால் சின்னப் பகலை அவளுக்குக் கட்டோடு பிடிக்காது. முதல் வருடம் அந்த நாளில் பூனை எழாமலும் பொழுது சாயாமலும் இருந்தபோது, அண்ணி பாதிப் படிவரை இறங்கிவந்து, பூனைக்கு எதையாவது கலந்து கொடுத்துவிட்டாயா என்று கேட்டார். நான் ஏன் கொடுக்கணும், பொழுது சாயட்டும், தானா வரும் என்றாள் இவள். இருவரும் சேர்ந்தாற்போல் வானத்தைப் பார்த்தார்கள். சூரியன் பல் டாக்டர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருந்தது. பக்கத்துத் தெருவில் விளக்கேற்றிவிட்டார்கள், இங்கே துணி காய்ந்துகொண்டிருந்தது. வெகுநேரம் கழித்துப் பூனை எழுந்து, முதுகை வளைத்து, கொட்டாவிவிட்டு, மெத்தையிலிருந்து குதித்தது. கடை ஷட்டரை இழுத்துவிட்டதுபோல் இருட்டு வந்தது.

இரண்டாம் வருடமும் அப்படியே நடந்தபோது தெரு அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. வருடம் முழுவதும் தள்ளிப்போட்ட வேலைகளை எல்லோரும் அந்த நாளுக்கென்று எடுத்துவைத்தார்கள். கனமான போர்வைகளை அன்றைக்குத்தான் துவைத்தார்கள். பாதியில் விட்ட ஸ்வெட்டர்களும் தீராத செஸ் ஆட்டங்களும் அன்றைக்குத்தான் முடிந்தன. பூனை எழுந்துவிடக் கூடாது என்பதால் தெருவில் யாரும் சத்தம் போடுவதில்லை, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள், சண்டைகளைச் சைகையில் போட்டார்கள். சலூன்காரரின் நாய்க்கு நான்கு காலிலும் கம்பளிக் காலுறை மாட்டப்பட்டது. அதற்கு முதலில் அவமானமாக இருந்தது, பிறகு அது காலுறை இல்லாமல் வெளியே வர மறுத்தது. பல் டாக்டரின் கிளி பல் குடையும் இயந்திரத்தைப் போலவே சத்தம் எழுப்பக்கூடியது. அதன் கூண்டுமேல் கெட்டியான துணியைப் போர்த்தினார்கள், அது உள்ளேயிருந்து யாரையும் பெயர் சொல்லாமல் திட்டிக்கொண்டிருந்தது. பொழுது போகவில்லை என்று வருடம் முழுக்க அலுத்துக்கொள்கிறவர்கள் அன்றைக்கு மட்டும் அதைச் சொல்லவில்லை, சொன்னால் அது வெறும் தகவலாகிவிடும். அண்ணி மட்டும் மாடி ஜன்னலில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருப்பார். ஒருமுறைகூட அவர் கீழே வந்து உட்காரவில்லை, உட்காரச் சொல்லி யாரும் கூப்பிடவுமில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு மழைக்கால முடிவில் அண்ணி சலூன்காரர் மூலமாகச் சொல்லியனுப்பினார். கடலோரத்தில், குளிரே இல்லாத ஊரில், பழைய சிநேகிதி ஒருத்தி வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறதாம், முழங்காலுக்கு நல்லதாம், அங்கேயே போய்விடப் போகிறாராம். லாரிக்குச் சொல்லியாகிவிட்டது. சின்னப் பகலன்று பொழுது சாய்ந்ததும் கிளம்புகிறார், அந்த நேரத்தில் பூனை அவருடையது என்பதால் அதுவும் கூடவே போகிறது. ஒப்பந்தப்படி இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மெத்தைக்காரி கையிலிருந்த ஊசியைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டாள்.

"போகட்டுமே. மாடி காலியானா உறையெல்லாம் அங்க காயப்போடலாம்."

உண்மையில் அவள் ஆடிப்போயிருந்தாள். பூனை இல்லாத கடையை அவள் நினைத்துப் பார்த்தாள், பிறகு மாடியில் காலடிச் சத்தம் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தாள், இரண்டாவதை நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள். மறுநாளே ஒரு புது மெத்தை தைக்க உட்கார்ந்தாள். இருப்பதிலேயே நல்ல பஞ்சைப் பொறுக்கியெடுத்து, மறுபடி மறுபடி பிரித்து, வெயிலில் பொங்கவைத்து, ஓரத்தில் ஒரு முடிச்சுகூட உறுத்தாமல் தைத்தாள். அந்த மெத்தையில் படுத்தால் எருமைமாடுகூட எழுந்திருக்காது என்று சலூன்காரர் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

சின்னப் பகலும் வந்தது. பூனை புது மெத்தையை மூன்று சுற்றுச் சுற்றி, வெயிலின் நடுவில் படுத்து, மூக்கை வாலுக்குள் செருகிக்கொண்டது. லாரி வந்து நின்றது, சாமான்கள் ஏறின, அண்ணி கூடையோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பிறகு எதுவும் நடக்கவில்லை. போர்வைகள் காய்ந்தன, மடித்துவைத்தார்கள். ஸ்வெட்டர்கள் முடிந்தன, போட்டுப் பார்த்தார்கள். செஸ் ஆட்டங்கள் தீர்ந்து, தோற்றவர்கள் மறுபடி ஆடித் தோற்றார்கள். பல் டாக்டர் அன்றைக்குப் பிடுங்க வேண்டிய பற்களைப் பிடுங்கிவிட்டு, அடுத்த வாரத்துப் பற்களையும் பிடுங்கினார். கோழிகள் குழம்பிப்போய் இரண்டாம் தடவை முட்டையிட்டன. குழந்தைகள் எப்போது தூங்குவது என்று கேட்டு அழுதன, சத்தம் வராமல் அழச் சொன்னார்கள். லாரி டிரைவர் தூங்கி எழுந்து, சலூனில் சவரம் செய்துகொண்டு, மறுபடி தூங்கி எழுந்து, மறுபடி சவரம் செய்துகொண்டார். பக்கத்துத் தெருவில் இரவு வந்து, கழிந்து, விடிந்தும்விட்டது. பால்காரர் மறுநாள் பாலோடு இந்தத் தெருவுக்குள் திரும்பியபோது இங்கே முந்தைய நாளின் மாலைவெயில் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது. பாலை எந்த நாளுக்குக் கொடுப்பது என்று புரியாமல் அவர் கொஞ்சநேரம் நின்றார், பிறகு கொடுத்துவிட்டே போனார்.

மெத்தைக்காரி பூனையின் பக்கத்தில் காவல் இருந்தாள். ஈ பறந்தால் விரட்டினாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் முதலில் இருந்தது அவளுக்கு, ஆனால் ஜெயித்தவளுக்கு இருக்கவேண்டிய நிம்மதி வரவில்லை. நின்று நின்று கால் கடுத்த சலூன்காரர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து, வாயைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியலம்மா. வருஷத்துல இத்தனை நாள் இருக்கு. வேற எந்த நாள்னாலும் டக்குனு பொழுது சாஞ்சிடும், அவங்க பாட்டுக்குப் போயிருக்கலாம். பொழுது நிக்கிற நாளாப் பார்த்து எதுக்கு லாரிக்குச் சொன்னாங்க?"

மெத்தைக்காரி அவரையே பார்த்தாள். பிறகு கண்ணாடி வழியாக லாரியைப் பார்த்தாள். அண்ணி முன்சீட்டில் கழுத்தை நிமிர்த்தி, காலிக் கூடையை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது சாலையை அல்ல, கடை வாசலை. இவ்வளவு காலம் ஒரே கூரையின்கீழ் இருந்துவிட்டு, வருத்தத்தில் இருக்கும்போது அண்ணியின் முகம் அச்சு அசலாகத் தன் கணவரின் முகம் என்பதை அவள் அன்றைக்குத்தான் கண்டாள். டீ போட்டு எடுத்துக்கொண்டு லாரிக்குப் போனாள். டம்ளரை வாங்கிக்கொண்ட அண்ணியின் விரல்கள் சில்லிட்டிருந்தன.

"லாரி இன்னைக்குத்தான் கிடைச்சுது," என்றார் அண்ணி, யாரும் கேட்காமலே.

"இருங்க அண்ணி. போகவேண்டாம்."

அண்ணி டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடை ஜன்னலைக் காட்டினார்.

"இப்ப அது உன் கையில இருக்கு. நான் இருந்தா அதுவும் இருக்கும்னு நீ கேக்கறியோ என்னமோ. எனக்காகக் கேக்கறியா, அதுக்காகக் கேக்கறியான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? போய் எழுப்பு. அது என் மடிக்கு வரட்டும். அப்புறமும் உனக்குக் கேக்கத் தோணினா கேளு."

தெரு முழுக்க இதைக் கேட்டுக்கொண்டிருந்தது, கேட்காததுபோல் வானத்தைப் பார்த்தது. மெத்தைக்காரி கடைக்குத் திரும்பி நடந்தாள். பூனையை எழுப்பினால் அது அண்ணியுடையது, லாரி கிளம்பினால் போனது போனதுதான், இரண்டையும் சேர்த்து இழக்க நேரலாம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் அந்த மெத்தையின்முன் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் பூனையின் அடியில் கொடுத்துத் தூக்கினாள். பூனை ஒரு கண்ணைத் திறந்து, இதென்ன வழக்கம் என்பதுபோல் அவளைப் பார்த்தது. தண்ணீர்த் தொட்டிமேல் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த சூரியன் ஒரேயடியாக இறங்கியது. தெரு இருண்டது. போர்வைக்குள்ளிருந்த குழந்தைகள் அந்த நொடியே தூங்கிப்போயின. லாரி டிரைவர் அவசரமாக எஞ்சினைக் கிளப்பி விளக்கைப் போட்டார். அந்த வெளிச்சத்தில் கண்கூச மெத்தைக்காரி பூனையைச் சுமந்துவந்து அண்ணியின் மடியில் வைத்தாள். கைகள் காலியாகிவிட்டன. அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க அண்ணி," என்றாள் மறுபடியும். "நீங்க போயிட்டா எனக்கு யாரும் இல்ல."

எஞ்சின் சத்தத்தில் அது அண்ணிக்குக் கேட்டதா என்று யாருக்கும் நிச்சயமில்லை. அவர் பூனையின் காதுகளுக்கு நடுவில் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு டிரைவர் பக்கம் திரும்பி, அதை நிறுத்துப்பா, டீசல் வீணாகுது என்றார்.

"போய் மாடி விளக்கைப் போடு. இருட்டுல எனக்குப் படி தெரியாது."

சாமான்களை இறக்கத் தெருவே வந்து நின்றது. வேலையெல்லாம் ஏற்கெனவே முடிந்துபோயிருந்ததால் யாருக்கும் வேறு வேலை இல்லை. பீரோவை மாடிக்கு ஏற்றும்போது மெத்தைக்காரியும் அண்ணியும் ஆளுக்கொரு பக்கம் நின்று, இடது பக்கம் திருப்பணும், வலது பக்கம் திருப்பணும் என்று சத்தம் போட்டார்கள்.

அடுத்த வருடமும் சின்னப் பகலன்று பொழுது நின்றது. துணி துவைக்கிறவர்கள் துவைத்தார்கள், நாய் காலுறையோடு வந்தது, கிளி துணிக்குள்ளிருந்து திட்டியது. அண்ணி ஒரு நாற்காலியோடு கீழே இறங்கிவந்து கடைக்குள் போட்டு, முழங்கால்களை வெயிலில் நீட்டிக்கொண்டார். பஞ்சு பிரிப்பதில் தனக்குத் தெரியாதது இல்லை என்று ஒரு பிடியை எடுத்து வைத்துக்கொண்டார், தப்பாகப் பிரித்தார். மெத்தைக்காரி அதைப் பிடுங்கினாள். அன்று நின்ற பொழுது முழுக்க இருவரும் சண்டை போட்டார்கள், பூனை எழுந்துவிடாதபடி மெல்லிய குரலில்.