கொட்டச்சேடு பதில் சொன்னது

ஏற்காட்டு ஆபீஸில் உட்கார்ந்தபடியே கொட்டச்சேடு எஸ்டேட்டின் சுவிட்சை இயக்கிக் காட்ட வேண்டும். காட்டினால் வேலை சலீமாவுக்கு நிலைக்கும். இல்லையென்றால், "மழைக்காலத்துல கோளாறுன்னா யாரு ஏறி இறங்கறது? ஆம்பளப் பையனா ஒருத்தனப் போட்டுக்கலாம்" என்று மானேஜர் சென்றாயன் முன்பே சொல்லிவிட்டார்.

அங்குள்ள கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி அது. போன வாரம் பஸ்ஸில் போய் அதற்கு ஒரு முகவரி கொடுத்து, பதிந்துவிட்டு வந்திருந்தாள். இன்று அதன் பதில் திரும்பும் பாதையை, சேலம் தலைமை ஆபீஸுக்கும் எட்டும்படி, இங்கிருந்தே மாற்ற வேண்டும்.

தட்டினாள். திரை உறைந்துபோனது.

ஓர் எண் பிசகியிருந்தது. இனி இவள் கேட்பது அதன் காதில் விழும். பதில்தான் வேறெங்கோ போகும்.

"பரவால்ல கண்ணு, ஜீப்ல ஆள் அனுப்பிடலாம்" என்றார் சென்றாயன்.

அந்தப் பரிவுதான் சுட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இவள் தோற்பாள் என்று நினைத்து ஆறுதலைத் தயாராகவே வைத்திருந்திருக்கிறார்.

சரிபார்க்கும்வரை எந்த மாற்றத்தையும் சுவிட்சில் பதியமாட்டாள் சலீமா. கரண்ட் போய் வந்தால் அது போன வாரத்து நினைவோடுதான் விழிக்கும். இடி உருண்டால் கொட்டச்சேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஐயாக்கண்ணு எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுவார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

போனை எடுத்தாள். "ஏனுங்க ரைட்டர், இடி இடிச்சா என்ன பண்ணுவீங்களோ, அத இப்பப் பண்ணுங்க."

"வெயில் மண்டையப் பொளக்குது கண்ணு."

"இடிச்சதுன்னே வச்சுக்குங்க."

"உங்க ஆபீஸ்ல விழுந்துருச்சாக்கும்?"

"என் தலையில விழப்போவுதுங்க."

அவர் சிரித்துக்கொண்டே பிடுங்கினார், மறுபடி செருகினார். சற்று நேரத்தில் திரை அசைந்தது. இந்த முறை ஒவ்வோர் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லித் தட்டினாள். கொட்டச்சேடு பதில் சொன்னது. உடனே பதிந்தாள்.

"ரைட்டர், பெட்டியில கடைசி விளக்கப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, அதை அணைக்கும் கட்டளையை இங்கிருந்தே தட்டினாள்.

"அணைஞ்சு போச்சே."

மறுபடி தட்டினாள். "இப்ப?"

"எரியுது. ஏங்கண்ணு, நீ எங்க இருக்கற?"

"ஏற்காட்டுலதானுங்க."

இன்னொரு போன் அடித்தது. தங்களுக்கும் கொட்டச்சேடு தெரிகிறது என்றார்கள் சேலத்தில். சென்றாயன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கிளம்பவிருந்த ஜீப்பை நிறுத்தச் சொன்னார்.

அடக்கமாக ஏதாவது சொல்லத் தோன்றும் என்று சலீமா காத்திருந்தாள். தோன்றவில்லை.

"குப்பனூர் எஸ்டேட் சுவிட்சையும் இன்னைக்கே முடிச்சிடறேனுங்க" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.