நோருகோல் பனிச்சையின் எல்லைக்கோடு

கூதிர்காலம் முதிர்ந்து முன்பனி தொடங்கிய அந்த வைகறையில், நண்பரே, நீவிர் நோருகோல் பள்ளத்தாக்கில் நின்றிருக்க வேண்டும். இரு மலைத்தொடர்களுக்கும் நடுவே ஓடும் ஆற்றிலிருந்து மூடுபனி, சோற்றுப்பானையைத் திறந்தாற்போல் குபுகுபுவென்று எழுந்து, வடகரை தென்கரை என்று பாராமல் இருபுறத்துக் கொட்டில்களிலும் புகுந்து, தோல் சீவிக் கயிற்றில் தொங்கவிட்ட பனிச்சைப் பழங்களையெல்லாம் நனைத்துவிட்டு, வெயில் ஏறுமுன் தானே கலைந்துபோயிற்று. விடியலில் நனைந்தும் பகலில் காய்ந்தும், வீட்டார் விரல்களால் மீண்டும் மீண்டும் பிடித்துவிடப்பட்டும், உள்ளிருக்கும் இனிப்பெல்லாம் வெண்பொடியாய் மேற்பூத்து நிற்கும் அந்த உலர்பனிச்சைக்குச் சியோல் மாநகரத்துக் கடைகளில் பெரும் பெயர் இருந்தது. பெயர் இருந்ததனாலேயே, மலைக்கு அப்பாலிருந்த வணிகர் சிலர் எங்கோ வெட்டவெளியில் காய்ந்த பழத்தை நோருகோல் என்று எழுதிய பெட்டிகளில் அடைத்து விற்கத் தொடங்கியிருந்தனர்.

அந்தப் பெயரைக் காக்கப் புவிசார் குறியீடு கேட்டு விண்ணப்பித்தவள் வடகரை உழவர் குழுவின் தலைவி தொக்சிம். செயல் நன்று, ஆனால் எல்லைக்கோட்டை ஆற்றின் நடுவே போட்டு, தென்கரையை வெளியே தள்ளிவிட்டாள். காரணம் பழமன்று, பகை. அவள் கணவனின் தங்கை பில்ரே தென்கரையில் வாழ்க்கைப்பட்டவள். மூதாதையர் படையலில் யார் வீட்டுப் பனிச்சையை வைப்பது என்று சுற்றத்தார் முன்னிலையில் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் மூண்ட சண்டை, ஆண்டுகள் பல கடந்தும் ஆறாமல் கிடந்தது. கோடு நிலைத்துவிட்டால் பில்ரேயும் அவள் கரையாரும் தம் பழத்தை நோருகோல் பழமென்று சொல்லவே முடியாது. அவர்கள் மறுப்புத் தெரிவித்தனர். அதை ஆராய்வதற்கே அன்று மதிப்பீட்டுக் குழு வந்து, ஊர்மன்றத்தின் வெதுவெதுப்பான தரையில் வாற்கோதுமைத் தேநீரோடு அமர்ந்திருந்தது.

இரு கரையாரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தனர். குழுத்தலைவர் நாம்குங் வேறுபாடு என்னவென்று கேட்டதுதான் தாமதம், தொக்சிம் எழுந்துவிட்டாள்.

"கண்ணக் கட்டிட்டுக் குடுங்க ஐயா! எது எந்தக் கரைன்னு நாக்குல வெச்சதும் சொல்றேன். தப்பாச் சொன்னா என் பேர மாத்திக்கிறேன்."

பேச்சோடு போய்விடும் என்று நினைத்தவள், நாம்குங் உண்மையாகவே துண்டை எடுத்து அவள் கண்ணைக் கட்டச் சொன்னபோது சற்றே திகைத்தாள். ஆயினும் பின்வாங்குவது அவள் பிறவியிலேயே இல்லை. குழுவினர் ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டுவந்திருந்த பழங்களோடு தட்டுகள் மூன்று வந்தன.

முதற்பழத்தை மென்றவள் உதட்டைப் பிதுக்கினாள். "இது ஆத்துக்கு அந்தாண்ட. சவசவன்னு இருக்கு."

இரண்டாவது வாய்க்குள் போன விரைவிலேயே உள்ளங்கைக்கு வந்தது. "தூ! இது மலைக்கு அந்தப் பக்கம். பனியே படாத பழம், செருப்புத் தோல் மாதிரி!"

மூன்றாவதைக் கையில் வாங்கிய போதே அவள் முகம் மலர்ந்தது. அதன் இடுப்பில் இருந்த சிறு மடிப்பை விரல் தடவியது. வாயிலிட்டதும் தேன்போல் கரைந்தது. "இது எங்களுது! எங்க வீட்டுக் கைப்பக்குவம். அடிச்சுச் சொல்றேன்."

துண்டு அவிழ்ந்தது. மலைக்கு அப்பாற்பட்ட பழத்தை அவள் சரியாகவே கண்டறிந்திருந்தாள். ஆனால் சவசவவென்று தள்ளிய முதற்பழம் வடகரைத் துணைத்தலைவர் காங் வீட்டுடையது. எங்களுடையது என்று மார்தட்டிய மூன்றாவது, பில்ரேயினுடையது!

தென்கரையார் கூரை அதிரக் கூவினர். "காங் ஐயா, மூட்டையக் கட்டிட்டு வந்துடுங்க! எங்க கரையில எடம் நெறைய இருக்கு!"

காங்கின் முகம் பழத்தைவிடச் சிவந்தது. நாம்குங் மட்டும் சிரிக்கவில்லை. "வடகரைப் பழம் தனின்னுதான் நீங்க விண்ணப்பிச்சிருக்கீங்க. அது நிக்கலையேம்மா. தள்ளுபடி பண்றதத் தவிர வழியில்ல."

தள்ளுபடியானால் பெயர் மலைக்கு அப்பாலுள்ள வணிகருக்கே போய்ச்சேரும். அவமானத்தையும் மறந்து காங் பாய்ந்தெழுந்தார். "அவங்களுக்குச் சளிங்க! நாக்கு செத்துக் கெடக்கு. இன்னொரு நாள் வெச்சுக்கலாம்."

தப்பிக்கும் வழி கண்முன்னே திறந்தது. அதில் நுழையத்தான் தொக்சிமின் நெஞ்சு துடித்தது. ஆனால் அந்தச் சிறு மடிப்பு இன்னும் அவள் விரல்நுனியில் இருந்தது. புதுமணப்பெண்ணாய் வந்த ஆண்டில், மாமியார் அவள் விரலைப் பிடித்துப் பழகிக்கொடுத்த மடிப்பு அது. அதே கயிற்றின் மறுமுனையில் நின்று அதே பாடத்தைக் கற்றவள் பில்ரே. இதை எப்படி மறந்தோம் என்று எண்ணியபோது அவளுக்குத் தன்மீதே வெட்கம் பொங்கியது.

"சளியும் இல்ல, கிளியும் இல்ல" என்றாள் உரக்க. "என் நாக்கு பொய் சொல்லல. இத்தன நாளும் நான்தான் பொய் சொல்லிட்டு இருந்தேன். ஆத்துல கோடு போட்டது என் வீம்பு. மலைக்கு அந்தப் பக்கத்துப் பழத்த வாயில வெச்சதுமே துப்புனேனே, பாத்தீங்கல்ல? ரெண்டு கரைக்கும் பரவுற பனி அந்த மலையத் தாண்டறதில்ல. கோட்ட மலை உச்சியில போடுங்க!"

நாம்குங் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படின்னா ரெண்டு கரையும் சேந்து கேக்கணும். தென்கரை சம்மதிக்குதா?"

கண்கள் யாவும் பில்ரேயின்பால் திரும்பின. அவள் மெல்ல எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணியின் எதிரே வந்து நின்றாள்.

"எங்க பழத்தக் கழுதகூட மோந்து பாக்காதுன்னு சந்தையில சொன்னது யாரு அண்ணி?"

"நான்தான்டி."

"இப்ப?"

"இப்ப நான் மோந்து மட்டுமா பாத்தேன், முழுசாத் தின்னுட்டேன். அப்படிச் சொன்ன என்னவிடக் கழுதைக்கு அறிவு ஜாஸ்தின்னு வெச்சுக்கோ."

"சிரிக்க வைக்காதீங்க. நான் கோவமா இருக்கேன்."

"கோவமா இரு. ஆனா கூட இரு, பில்ரே. நீ இல்லாம இந்தப் பேரு நிக்காது."

அத்துணை பேர் நடுவில் தொக்சிம் இடுப்பை வளைத்து, தன்னினும் இளையவளை ஆழ வணங்கினாள். பில்ரே பதறி அவள் தோளைப் பற்றித் தூக்கினாள், தூக்கியவள் விடவில்லை, பிறகு இடையிலிருந்த சுருக்குப்பையைத் துழாவித் தன் பெயர் பொறித்த முத்திரைக்கட்டையை எடுத்து, விண்ணப்பத்தில் அண்ணியின் முத்திரைக்குப் பக்கத்தில் அழுத்திப் பதித்தாள். வரைபடத்தில் பழைய கோடு அடிக்கப்பட்டுப் புதுக்கோடு மலைமுகடுகளின் வழியே ஓடிய போது, எந்தக் கரையார் முதலில் கூவினர் என்று சொல்லத் தெரியாதபடி மன்றம் ஆரவாரித்தது.

இளவேனிலில் குறியீடு வந்தது; அது பின்னர் நிகழ்ந்தது. அன்று அந்த மன்றத்திலோ, எல்லார் முன்னிலையிலும் தன் நாவிடமே தோற்றுப்போன தொக்சிம், நாத்தனாரின் தோளில் முகம் புதைத்து அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றாள். தோற்றதற்காக இத்துணை மகிழ்ந்த ஒருவரை, நண்பரே, நோருகோல் அதற்குமுன் கண்டதேயில்லை.