எட்டு போல்ட்

இரும்பு கேட் செய்கிறவன் நான். நான் செய்த கேட் ஆடுகிறது என்று இதுவரை எவனும் வந்து சொன்னதில்லை. சொன்னால் சும்மா விடமாட்டேன், அது வேறு விஷயம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பட்டறைத் தெருவுக்கே தெரியும்.

என் தங்கை, வாசலைத் தாண்டவே அனுமதி கேட்க வைத்த புருஷனை விட்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, கையில் ஒரு பையும் தோளில் சுருட்டிய ஒரு தொங்கு நாற்காலியும்தான் இருந்தன. கயிறு கோத்த தடித்த துணி அது. கொக்கியில் மாட்டி உட்கார்ந்தால் ஆளை அப்படியே ஏந்திக்கொள்ளும். நாங்கள் இருப்பதோ வாடகை வீடு. கூரையில் ஓட்டை போடக்கூடாது என்று வீட்டுக்காரர் ஒற்றைக் காலில் நின்றார். நாற்காலி கதவுக்குப் பின்னாலேயே கிடந்தது.

பையையும் அவள் காலி செய்யவில்லை. துவைத்த துணியை மடித்து மறுபடி பைக்குள்ளேயே வைப்பாள். அலமாரியில் என் மனைவி ஒரு தட்டையே ஒழித்துக் கொடுத்தும், அதில் ஒரு கைக்குட்டைகூட ஏறவில்லை. எங்கேயாவது ஒற்றை அறை பார்த்துத் தனியாகப் போய்விடுவாளோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம்.

அதனால்தான் ஸ்டாண்டு செய்து தருகிறேன் என்றேன். இரண்டு பக்கமும் காலை விரித்த பைப், மேலே குறுக்காக ஒரு பைப், நடுவில் கொக்கி. கேட்டதும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"வெல்டு வெச்சு ஒட்டிடாதண்ணா. கழட்டுற மாதிரி போல்ட் போட்டுக் குடு. போகும்போது எடுத்துட்டுப் போகணும்ல."

போகும்போது! எனக்குச் சுருக்கென்றது. போல்ட் போட்டால் தளரும், லொடலொடவென்று ஆடும், அதெல்லாம் எனக்குச் சரிப்படாது என்று முணுமுணுத்தேன். பொய்யில்லை. ஆனால் என் கோபம் போல்ட்டின் மேல் இல்லை. வெல்டிங் மெஷினை வீட்டுக்கே தூக்கி வந்து, பின்பக்க வராந்தாவில் வைத்து மூட்டுமூட்டாகச் சுற்றி ஒட்டினேன். யானை உட்கார்ந்தாலும் அசையாது. வாசல் வழியாக வெளியே போகவும் போகாது.

தங்கை வந்து மூட்டுகளைத் தடவிப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். உட்காரவில்லை. மறுநாளும் உட்காரவில்லை. நாற்காலி வெறுமனே காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. இவ்வளவு பாடுபட்டு என்ன புண்ணியம் என்று மனைவியிடம் போய்க் குதித்தேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவே இல்லை.

"அவளுக்கு வேண்டியது உக்கார ஒரு இடம். நீங்க வழக்கம்போல கதவு செஞ்சு பூட்டிட்டீங்க. பூட்டி வெச்ச வீட்ல இருந்துதானே வந்திருக்கா?"

கோபப்படக்கூட ஒன்றும் அகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிரைண்டரை எடுத்தேன். குறுக்குப் பைப்பை இரண்டு பக்கமும் அறுத்தேன். நான் போட்ட வெல்டை நானே அறுப்பது வயிற்றெரிச்சல்தான், மறைக்கமாட்டேன். முனைகளில் கனத்த தகடு வைத்துத் துளை போட்டு, பக்கத்துக்கு நான்காக எட்டு போல்ட் மாட்டினேன். தளராமல் இருக்க ஸ்பிரிங் வாஷரும் போட்டேன். நானே உட்கார்ந்து ஒரு குதி குதித்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. போல்ட்டைப் பற்றி நான் அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

தங்கையைக் கூப்பிட்டு ஸ்பேனரை நீட்டினேன்.

"எட்டே எட்டுதான். எப்ப வேணும்னாலும் நீயே கழட்டிக்கலாம். யாரையும் கேக்க வேணாம், என்னையும்தான்."

ஸ்பேனரை அவள் கையில் வைத்து அழுத்தினேன்.

அவள் ஒரு போல்ட்டைத் தளர்த்திப் பார்த்தாள். மறுபடி முறுக்கினாள், நான் முறுக்கியதைவிட இறுக்கமாகவே. பிறகு நாற்காலிக்குள் ஏறிக் கால்களை மடக்கிக்கொண்டு, ஸ்பேனரை மடியில் வைத்தபடி ஆடத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை பட்டறைக்குக் கிளம்பும்போது கருவிப் பெட்டியில் ஸ்பேனரைக் காணோம். யார் எடுத்துத் தொலைத்தது என்று கத்திக்கொண்டே துண்டு எடுக்க அலமாரியைத் திறந்தேன். காலியாக இருந்த தட்டில் தங்கையின் துணிகளெல்லாம் மடித்து அடுக்கியிருந்தன. அடுக்கின் மேல் ஸ்பேனர்.

சத்தம் போடாமல் அலமாரியைச் சாத்தினேன். பட்டறைக்குப் போகிற வழியில் எனக்கு வேறொரு ஸ்பேனர் வாங்கிக்கொண்டேன்.